கடைசியாக வருபவர் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்

என் புருஷன் ராஜரத்தினத்தை நான் அடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் போனில் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள். பாதிக் கம்பளை ஊருக்கும் அது கேட்டிருக்கும்.

விஷயம் இதுதான். கண்டியில் நான் வேலை செய்யும் காப்புறுதிக் கந்தோரில் எட்டுப் பேர் சேர்ந்து ஃபுட்போல் விளையாடுகிறோம். காலால் இல்லை, போனால். இங்கிலாந்து லீக்கில் ஆடுகிறவர்களை ஆளுக்குப் பதினொரு பேராக எங்களுக்குள் பிரித்துக்கொள்வோம். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. அவன் அங்கே கோல் அடித்தால் இங்கே நமக்குப் புள்ளி. ஆகஸ்டில் தொடங்கினால் மே மாதம் முடியும். எங்கள் கிளை மனேஜர் சுந்தரலிங்கம் சேர்தான் இதற்கும் தலைவர்.

இந்த முறை அவர் புதுச் சட்டம் ஒன்று போட்டார். கடைசியாக வருகிறவர் ஒரு வருஷம் முழுக்கப் பேச்சியம்மா அக்காவுக்குப் பதிலாகப் பத்து மணிக்குக் கந்தோரில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்.

"பேச்சியம்மாவுக்கும் ஒரு ஓய்வு கிடைக்கும்தானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவள். என் அம்மா ராக்கம்மா ஆறு நாள் கொழுந்து பறிப்பாள். ஏழாம் நாள் துரை பங்களாவுக்கு விருந்தாளி வந்தால் தேத்தண்ணித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூப்பிடுவார்கள். கோப்பையை எடுக்கிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கூட எடுக்க மாட்டார்கள். அதை நான் சமையலறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். செத்தாலும் இந்தத் தட்டை நான் தூக்க மாட்டேன் என்று எட்டு வயதில் முடிவெடுத்தவள் நான். அந்தக் கந்தோரில் லயத்திலிருந்து வந்து மேசை போட்டு உட்கார்ந்திருப்பவளும் நான் ஒருத்திதான். நான் கடைசியாக வந்து, அந்தத் தட்டோடு அவர்கள் முன்னால் நிற்பதா? நடக்கிற காரியமா?

ஆகவே இரண்டு மாதம் படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. யார் இடக்கால், யாருக்கு முழங்கால் வலி, யார் பெனால்டி அடிப்பான், எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். கடைசியில் அறுபது பேரை வரிசைப்படுத்தினேன். ஒருவன் போனால் அடுத்தவன், அவனும் போனால் அதற்கடுத்தவன். சீட்டுக் குலுக்கலில் எனக்கு முதல் தெரிவும் விழுந்தது.

ஆள் பிரிக்கிறது ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, பேராதனையில் சேர் வீட்டில். அதே ஞாயிறு கம்பளையில் என் அக்கா மகளுக்குச் சடங்கு. சின்னம்மா நான் இல்லாமல் நடக்குமா? ராஜரத்தினம் ஓட்டோ ஓட்டுகிறவர், பேராதனை அவருக்கு அத்துப்படி. கொப்பியைக் கையில் கொடுத்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல மூன்று தரம் சொன்னேன்.

"நம்ம மொற வந்ததும் மேல இருக்கிற பேரப் படிங்க. அந்த ஆள் போயிட்டா அடுத்த பேர். வேற ஒண்ணும் பேச வேணாம்."

"இதென்ன பெரிய வேலையா? நீ நிம்மதியா போய்ட்டு வா" என்றார்.

ஐந்து பத்துக்குச் சடங்கு வீட்டிலிருந்து போன் எடுத்தேன்.

"போயிட்டீங்களா?"

"வாசல்லதான் இருக்கேன்."

நான் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். பாயாசம்கூட இரண்டு தரம் வாங்கினேன், புத்தி கெட்டவள்.

ஆறேகாலுக்கு அவரே எடுத்தார். குரல் உள்ளே போயிருந்தது.

"ஏம்மா, எல்லாம் பிரிச்சு முடிஞ்சிருச்சாம்."

"என்னங்க சொல்றீங்க? நீங்க வாசல்ல இருந்தீங்களே!"

"வாசல்லதான் இருந்தேன். ஞாயித்துக்கெழம நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம் இல்லையா? வருசம் பூரா ஓடுற காரியம். ராகு காலத்துல எப்படிம்மா ஆரம்பிக்கிறது? ஆறு அடிச்சதும் வலது கால வச்சு உள்ள போனேன். அவங்க வடை தின்னுக்கிட்டு இருந்தாங்க."

அட என் தெய்வமே! ஒரு மணி நேரம் இந்த மனிதர் கேட்டுக்கு முன்னால், ஓட்டோவுக்குள், என் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ராகு போகட்டும் என்று காத்திருந்திருக்கிறார். எல்லோருக்கும் முன்னால் ஆளை எடுக்க வேண்டியவள் நான்! அதன் பிறகு நான் கத்தியதைத்தான் கம்பளை கேட்டது.

"நம்ம நல்லதுக்குத்தானே பாத்தேன்" என்றார் வீட்டில். அந்தச் சொல்லைக் கேட்டதும் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் அவருக்குச் சோறு போட்டேன், பேச்சுப் போடவில்லை.

வராதவர்களுக்குத் தலைவர் தெரிவு செய்வார் என்று சட்டத்தில் இருந்தது. சேர் எனக்குத் தெரிவு செய்த லட்சணத்தைத் திங்கட்கிழமை பார்த்தேன். முழங்கால் கிழிந்து படுத்திருக்கும் ஒருவன். ஓய்வு பெறப் போகிறேன் என்று பேட்டி கொடுத்த ஒருவன். போன வருஷம் முழுக்க பெஞ்சிலிருந்து எழும்பாத நான்கு பேர். மிச்சம் ஐந்து பேரை அவர்களுடைய தாய்மாருக்குத்தான் தெரியும்.

"சேர், இது என்ன சேர்?"

"சட்டம் எண்டால் சட்டம்தான் பிள்ளை. நேரத்துக்கு வராட்டில் நான் என்ன செய்யிறது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

பக்கத்து மேசை ரபீகா என்னைக் கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னாள். "நான் கண்டேன் புள்ள. ஜன்னலால பாத்தா ஒங்கட மாப்புளட ஓட்டோ கேட்டுக்குக் கிட்ட நிக்குது. சேர்கிட்ட சொல்லவும் சொன்னேன். 'வாறதெண்டால் வரட்டும், நாங்கள் கூப்பிடத் தேவையில்லை' எண்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

அதாவது பார்த்திருக்கிறார்கள். ஒரு மனிதன் வாசலில் நிற்கிறான், உள்ளே வா என்று சொல்ல ஏழு பேரில் ஒரு வாய் திறக்கவில்லை. திறந்த ஒரு வாயும் அதோடு மூடிக்கொண்டது. என் புருஷனின் மடத்தனத்தை நான் திட்டுவேன். அவர்கள் யார் சிரிக்க?

நேரே கந்தோர் நடுவில் போய் நின்றேன். "நல்லாக் கேட்டுக்கங்க! நான் கடைசியா வர மாட்டேன். இந்தத் தேத்தண்ணி ஊத்துற கேவலத்துக்கா நான் படிச்சு வந்தேன்? அந்த வேலைக்கு வேற ஆளப் பாருங்க!"

பத்து மணி. பேச்சியம்மா அக்கா தட்டோடு எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளும் ஹந்தானைதான், எங்களுக்கு அடுத்த லயம். என் மேசையில் சத்தமில்லாமல் கோப்பையை வைத்தாள்.

"எடுத்துக்கங்க மிஸ்" என்றாள்.

அதுவரை அவள் என்னை 'புள்ள' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் எனக்கு அப்போது நின்று யோசிக்க நேரமில்லை, கோபப்படவே நேரம் போதவில்லை.

எங்கள் விளையாட்டில் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் ஓர் ஆளை விட்டுவிட்டு, யாரும் எடுக்காமல் கிடக்கிற ஒருவனை எடுக்கலாம். பட்டியலில் கீழே இருப்பவருக்கே முதல் தெரிவு. நான் எப்போதும் கீழேதான் இருந்தேன். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். முழங்கால் கிழிந்தவனை முதலில் துரத்தினேன். அடுத்த வாரம் பேட்டி கொடுத்தவனை. ஊர் பேர் தெரியாத பத்தொன்பது வயதுப் பொடியன்கள், புதிதாக வந்த ஆபிரிக்காக்காரன் என்று வாரத்துக்கு ஒருவனாகப் பொறுக்கினேன்.

ராஜரத்தினமும் அடங்கி ஒடுங்கி உதவிக்கு வந்தார். வாவிக்கரையில் ஓட்டோவை நிறுத்திவிட்டு, ஹயருக்கு ஆள் வரும் வரை போனில் ஆட்டங்களைப் பார்த்து எனக்குப் பேர் எழுதிக்கொண்டு வருவார். பேர்கள் நல்ல பேர்களாகவே இருந்தன. கூடவே, "செவ்வாக்கெழம மூணுலேருந்து நாலரை ராகு காலம், ரெண்டரைக்கே அமுக்கிரு" என்பார். நான் ஒவ்வொரு செவ்வாயும் சரியாக மூன்றேகாலுக்கு அமுக்கினேன். வேண்டுமென்றே. ராகுவும் பார்க்கட்டும்.

என் முதல் தெரிவில் போயிருக்க வேண்டிய பெரிய நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டவர் வேறு யாருமில்லை, சுந்தரலிங்கம் சேர்தான். ஜனவரியில் அவனுடைய கணுக்கால் உடைந்தது. மற்றவர்களாக இருந்தால் அந்த வாரமே மாற்றியிருப்பார்கள். சேர் மாற்றவில்லை. "பெரிய ஆளைக் கைவிடுறேல்லை. திரும்பி வருவான், பாருங்கோ" என்றார். விட்டால் முதல் வேலையாக நான் எடுத்துவிடுவேன் என்று பயம், வேறொன்றுமில்லை. அவன் ஒரு மாதத்தில் வருகிறான் என்றார்கள், பிறகு இரண்டு மாதம் என்றார்கள். சேர் வாராவாரம் பத்துப் பேரோடு ஆடினார், வாராவாரம் ஒரு படி இறங்கினார்.

மே மாதம் கடைசி ஞாயிறு. எனக்கும் அவருக்கும் ஒரு புள்ளி வித்தியாசம், நான்தான் கீழே. கடைசி ஆட்டங்களை நான் பார்க்கவில்லை. பார்த்தால் போனை உடைத்திருப்பேன். திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போகும் பஸ்ஸில் திறந்தேன். ராஜரத்தினம் எழுதித் தந்த பொடியன் ஒருவன் இரண்டு கோல் அடித்திருந்தான். நான் ஏழாவது. சேர் எட்டாவது.

பத்து மணிக்குப் பேச்சியம்மா அக்கா வழக்கம் போலத் தட்டோடு வந்தாள். எல்லோரும் சேரைப் பார்த்தார்கள். சேர் ஒரு ஃபைலைப் பார்த்தார்.

"சேர், மணி பத்து" என்றேன்.

"அது பகிடிக்குச் சொன்னது பிள்ளை. சின்னப் பிள்ளையள் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்காதையும். பேச்சியம்மா இருக்கிறாதானே."

எனக்குள் ஒன்பது மாதமாகக் கொதித்தது அப்படியே மேலே வந்தது. "எம் புருசன் ஒரு மணி நேரம் ஒங்க வாசல்ல நின்னாரே, அப்ப சட்டம் பகிடி இல்லையே சேர்? எனக்கு நொண்டியையும் கிழவனையும் எடுத்துக் குடுத்தப்ப பகிடி இல்லையே? நான் எட்டாவதா வந்திருந்தா இந்நேரம் பகிடியா இருக்குமா? எந்திரிங்க சேர்!"

நான் பேச்சியம்மா அக்காவின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி அவருடைய ஃபைலின் மேல் வைத்தேன். அவளைத் தோளைப் பிடித்து என் கதிரையில் உட்கார வைத்தேன். நுனியில்தான் உட்கார்ந்தாள்.

சேர் எழும்பினார். காது மடல் சிவந்திருந்தது. ஒவ்வொரு கோப்பையாக ஊற்றினார், பாதி சாசரில் போனது. முதல் கோப்பையைப் பேச்சியம்மா அக்காவிடம் நீட்டினார். அவள் ஒரு மிடறு குடித்தாள்.

"சீனி பத்தல சேர்" என்றாள்.

அவர் சீனிப் போத்தலைத் தேடி உள்ளே போனார். ரபீகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக வயிறு குலுங்க. "பாத்தியாக்கா? ஒனக்காகத்தான்" என்று அவள் பக்கம் குனிந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்காக இல்ல, மிஸ். நீங்க ஊத்தக் கூடாதுன்னு சண்ட போட்டீங்க. மூணு வருசமா நான் ஊத்தினத இந்தக் கதிரையில ஒக்காந்துதானே குடிச்சீங்க. ஒருநா, 'ஒக்காருக்கா'ன்னீங்களா?"

கேவலம் என்று அவள் முன்னாலேயே கத்தியவள் நான். என் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை எடுத்தவர்களை இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேனே, நான் இவள் முகத்தை எந்தக் காலையில் பார்த்தேன்? என்னை நானே அறையலாம் போலிருந்தது.

எல்லோரும் குடித்து முடித்ததும் ஒன்பது கோப்பைகளையும் தட்டில் அடுக்கினேன். எட்டு வயதிலிருந்து தொட மாட்டேன் என்றிருந்த தட்டு. தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கழுவத் தொடங்கினேன். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் இந்தத் தடவை திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பேச்சியம்மா அக்கா வந்து பக்கத்தில் நின்று கோப்பைகளைப் பார்த்தாள்.

"அடியில நல்லாத் தேய், புள்ள" என்றாள். "தேயில சாயம் லேசுல போகாது."