அலமாரி மேலே ஒரு கிளாஸ்

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் புருஷன் ஒஸ்னியேல் கள்ளப் படகில் கிளம்பிய நாளிலிருந்தே இப்படித்தான். மியாமியில் கால் வைத்ததும் கூப்பிடுகிறேன் என்று போனவன். மாதங்கள் ஓடிவிட்டன, பாழாய்ப்போன போன் வாய் திறக்கவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அறையிலேயே கிடந்தேன். கடை கண்ணிக்கெல்லாம் மாமியார் எனேய்தா அத்தைதான் போய் வந்தாள்.

அன்று லிஸ்வான் கதவைத் தட்டினான். கொசு ஒழிக்கிறவன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு என்று தெரு முழுக்கச் சோதனை.

"என்ன யமில்கா, இன்னும் போனை அடைகாக்குறியா?"

"வந்த வேலையைப் பாருடா!"

"போன தடவை ஸிகா காய்ச்சல், இப்ப டெங்கு. எல்லாம் ஒரே குடும்பம். உன் மாமியார் வீட்டு ஆளுங்க மாதிரி, ஒண்ணு போனா ஒண்ணு வரும்."

தொட்டி, வாளி எல்லாம் சுத்தம். செத்துப்போன சொந்தங்களின் தாகத்துக்கென்று அத்தை கூடத்தில் வைத்திருக்கும் தண்ணீர் கிளாஸ்களிலும் டார்ச் அடித்துப் பார்த்தான். வாரம் தவறாமல் மாற்றுவாள், பளிச்சென்று இருந்தன. அடுத்து என் அறைக்குள் ஸ்டூல் போட்டு ஏறினான்.

"அங்க ஒண்ணும் இல்லப்பா!" அத்தை பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

அலமாரி மேலே, அட்டைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கிளாஸை எடுத்தான். தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. ஒஸ்னியேல் ரம் குடிக்கிற, விளிம்பு உடைந்த கிளாஸ்.

"யாருக்கு வச்சீங்க அத்தை? வாயைத் திறந்து சொல்லுங்க!"

"கனவுல வந்தாண்டி. தாகமா இருக்குன்னான். நீ அழுவேன்னு ஒளிச்சு வச்சேன். தண்ணி மாத்தலாம்னா நீ இந்த ரூமை விட்டு நகர்ந்தாத்தானே?"

"பெத்த பிள்ளையை உயிரோட இப்படி..." கிளாஸை லிஸ்வான் கையிலிருந்து பிடுங்கினேன்.

"காய்ஞ்ச தரையில கொட்டிரு. சாக்கடையில ஊத்தினா பொழைச்சுக்கும்," என்று லிஸ்வான் மெதுவாகச் சொன்னான்.

வாசல் சிமெண்டில் கொட்டினேன். புழுக்கள் வெயிலில் துள்ளி அடங்கின. கிளாஸைக் கழுவி, தண்ணீர் பிடித்து, சாப்பாட்டு மேஜையில் அவன் உட்காருமிடத்தில் வைத்தேன்.

"இது அவன் வந்து குடிக்கறதுக்கு. செத்தவங்களோட சேர்த்தீங்க, அவ்வளவுதான்!" என்று கத்தினேன்.

மறுநாள் எழுந்ததும் நேராக மேஜைக்குப் போனேன். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்தேன். அத்தை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொசு வரும்ல," என்றேன்.

போனை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.