யாரும் ஏறாத பாலம்

நகராட்சிகளிலேயே முப்பத்துநான்கு வருஷத்தை ஓட்டி, கடைசி ஒன்பது வருஷம் ஆணையராகவும் இருந்த ஒருவர் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்தால் மனைவி பாடு திண்டாட்டம்தான். முதல் வாரமே சமையலறை அலமாரிகளுக்கு எண் போட்டார். அடுத்த வாரம் உப்புக்கும் சர்க்கரைக்கும் இடமாறுதல் உத்தரவு போட்டார். மூன்றாவது வாரம் மனைவி, தனியார் கல்லூரி ஒன்றில் முதல்வராக இருக்கும் தன் தம்பியைப் போனில் பிடித்தாள்.

"உங்க அத்தானுக்கு ஏதாவது ஒரு வேலை குடுடா. சம்பளம்கூட வேணாம். ஆள் வீட்டை விட்டுக் கிளம்பினாப் போதும்."

அப்படிப் பிறந்ததுதான் 'உள்ளாட்சி மேலாண்மை' என்ற ஒரு வருட மாலைநேரப் படிப்பு. பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் நகராட்சி ஊழியர்கள். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டவர்கள். பலருக்குப் புது வாத்தியாரை முன்பே தெரியும். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'பார்த்தேன்'. எந்தக் காகிதம் மேசைக்கு வந்தாலும் ஓரத்தில் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதோடு அந்தக் காகிதத்தின் ஆயுள் முடிந்துவிடும்.

பாடம் என்று பெயர்தானே தவிர, நடந்தது சுயபுராணம். குடிநீர் என்றால் அவர் கொண்டுவந்த குடிநீர், குப்பை என்றால் அவர் ஒழித்த குப்பை. சாய்ந்து கிடந்த ஊரை இவர் ஒற்றைக்கையால் தூக்கி நிறுத்தியதுபோல் பேசுவார். புராணத்தின் உச்சம் பெண்கள் பள்ளிக்கு எதிரே அவர் கட்டிய நடைமேம்பாலம். நாடா வெட்டும் படத்தைத் திரையில் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"தினமும் நாலாயிரம் பேர். விபத்து பூஜ்யம். இதுக்குப் பேர்தான் திட்டமிடல்."

கடைசி வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தாள். துப்புரவுப் பணி மேற்பார்வையாளர். அந்தச் சாலையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்பவள்.

"சார், அந்தப் பாலத்துல யாரும் ஏறுறதில்லையே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் நான்தான் சார் அதைக் கூட்ட ஆள் அனுப்புறேன். கூட்டுறதுக்குக் குப்பையே இருக்காது."

வகுப்பு சிரித்தது. ஆணையராக இருந்த காலத்தில் அவர் முன்னால் யாரும் சிரித்ததில்லை. முகம் கறுத்துப்போயிற்று.

"சரி, செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணிக்கு எல்லாரும் அங்க வாங்க. கண்ணால பாத்துட்டுப் பேசுவோம்."

செவ்வாய்க்கிழமை பதினெட்டுப் பேரும் வந்தார்கள். எட்டிலிருந்து ஒன்பதுவரை பாலத்தின் அடியில் நின்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மேலே போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் எதிர்க்கடைக்காரர், கைப்பிடியில் ஈரப் போர்வையை உலர்த்தப் போனார். இன்னொருவர் அதை எடுக்கச் சொல்லிச் சண்டைபோடப் போனார். பள்ளிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகக் கீழே, லாரிகளுக்கு நடுவே ஓடிக் கடந்தார்கள்.

"சோம்பேறித்தனம்," என்றார் அவர். "மக்களுக்கு ஒழுக்கம் இல்லைன்னா அதுக்கு நிர்வாகம் என்ன செய்யும்?"

"ஒழுக்கம் இல்ல சார். பள்ளிக்கூட வாசல் அங்க இருக்கு, பாருங்க." மேற்பார்வையாளர் கையை நீட்டினாள். வாசல் முந்நூறு அடி தள்ளி இருந்தது. "வாசலை மாத்தி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் நீங்க பாலம் கட்டுனீங்க. பழைய வரைபடத்தை வச்சுக் கட்டிட்டாங்க. நான் மூணு தடவை எழுதிக் குடுத்தேன்."

"என் பார்வைக்கு வரவே இல்லையே."

அவள் பையிலிருந்து நகல்களை எடுத்தாள். மூன்று கடிதங்கள். மூன்றின் ஓரத்திலும் 'பார்த்தேன்'.

"போன வருஷம் ஏழாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணுக்கு இங்கதான் சார் கால் முறிஞ்சது," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பான். இவர் தலையை நிமிர்த்தினார். "ஏறுறதுல அப்படி என்ன கஷ்டம்? நான் ஏறிக் காட்டுறேன்" என்று படியில் கால் வைத்தார். மொத்தம் ஐம்பத்தாறு படிகள். இருபதாவது படியில் கைப்பிடியைப் பிடித்தார். முப்பதாவதில் நின்று, இயற்கைக் காட்சியை ரசிப்பவர்போல் ஊரைப் பார்த்தார். நாற்பதாவதில் முழங்கால் மடங்கிப்போயிற்று; அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

கடைசியில் அவள்தான் மேலே போய் ஆளைத் தாங்கி இறக்கினாள். அவருடைய கார் எதிர்ப்பக்கம் நின்றது. ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் லாரிகளை நிறுத்தி, சாலையைக் கடக்கவைத்துக் காரில் ஏற்றினாள். அவர் நன்றி சொல்லவில்லை. "டிரைவர், ஏசி போடு" என்றார்.

வருஷக் கடைசித் தேர்வில் நடைமேம்பாலத்தின் வெற்றியை விளக்கச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. பதினேழு பேர் விளக்கினார்கள்; வயிற்றுப்பாடு. அவள் மட்டும் கண்டதை எழுதினாள். நாற்பது எடுத்தால் தேர்ச்சி. அவளுக்கு முப்பத்தொன்பது விழுந்தது. இவ்வளவு சின்ன புத்தி அத்தானுக்கு இருக்கும் என்று முதல்வரே எதிர்பார்க்கவில்லை. விடைத்தாளை வெளியூர் ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பினார். எழுபத்தாறு வந்தது.

பதவி உயர்வு பெற்ற கையோடு அவள் சாலைப் பொறியாளரின் அறை வாசலில் தினமும் போய் நின்றாள். பதினோராவது நாள், தொல்லை தாங்காமல் அவர் கையெழுத்துப் போட்டார். பள்ளி வாசலுக்கு நேரே வெள்ளைக்கோடும் வேகத்தடையும் வந்தன. அரைநாள் வேலை.

அந்த வருஷமே கல்லூரிகளின் மாநாட்டில் முன்னாள் ஆணையர் ஒரு கட்டுரை வாசித்தார். வகுப்பறையைக் களத்துக்கே கொண்டுபோவது என்ற தன்னுடைய புதுமையான கற்பித்தல் முறையைப் பற்றி. வெள்ளைக்கோட்டின் படத்தைத் திரையில் காட்டி, தன் வகுப்பின் விளைவு அது என்றார். கைதட்டினார்கள். கேடயம் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் மனைவி கேட்டாள், "அந்த அம்மா பேரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் கேடயத்தின் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த அம்மா?" என்றார்.