பிந்திப் பொரித்தது

மக்டலீன் ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழிக்கு மேலே கையை நீட்டியபோது, பின்னால் வந்து நின்ற கிறிஸ்துநாயகம் அவளுடைய காதுக்குள், "அக்கா, விட்டிட்டாங்கள்" என்றான்.

நீட்டிய கை அப்படியே நின்றது. ஃபாதர் செபத்தை இழுத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் உடைந்துவிட்டாள் என்று நினைத்த இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தார்கள்.

"எப்ப?"

"இப்பத்தான். பனிப்புகார் கலையப் பிந்திப் போச்சாம். கிளப்பால மெசேஜ் வந்திருக்கு."

"காத்து?"

"வடக்குக் காத்து, அக்கா. தள்ளிக்கொண்டு வரும்."

மக்டலீன் மண்ணைப் போட்டாள். வடக்கே, நோர்த் பே நகரத்தில், ஒரு லொறியின் கதவு திறந்து, நூற்றுக்கணக்கான புறாக்கள் ஒன்றாய் மேலே ஏறிவிட்டன. அவற்றில் ஒன்று அவளுடைய கணவன் சூசைதாசனுடையது. சூசைதாசனோ கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் பெட்டிக்குள் படுத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு துப்புரவாக உடுத்தது இன்றைக்குத்தான். இஞ்சேருங்கோ, விட்டிட்டாங்களாம் என்று அவள் மனதுக்குள் சொன்னாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மீன்குழம்போடு சோறு சாப்பிட்டு, நன்றாயிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்த மனிதன் எழும்பவில்லை. எழுபத்தொரு வயது. எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். நல்ல சாவுதான். ஆனால் சனிக்கிழமை, இன்றைக்கு, வருடத்தின் கடைசிப் புறாப் பந்தயத்தை வைத்துக்கொண்டு போனதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளி இரவு, செபமாலை சொல்லி முடிந்து சனம் கலைகிற நேரம், கிளப்பில் சூசைதாசனோடு புறா விடுகிற கிறிஸ்துநாயகம் பெட்டியடியில் வந்து நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தான்.

"அக்கா, அந்தக் குஞ்சை என்ன செய்யிறது? லொறி வெளிக்கிடப் போகுது."

"அவர் இருந்தா என்ன செய்வார்?"

"அண்ணை அனுப்புவார்."

"அப்ப அனுப்பு."

அனுப்பு என்று சொல்வதற்கு ஒரு நொடியும் பிடிக்கவில்லை. விடியவிடிய நித்திரை வராமல் கிடந்தபோதுதான், அது வழியில் தொலைந்தால் என்ன செய்வது என்ற பயம் வந்து நெஞ்சில் குந்தியது. ஏனென்றால், அந்தக் குஞ்சு உலகத்துக்கு வந்ததே அவளால்தான்.

ஆனி மாதம் சூசைதாசன் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். படுத்தபடியே போனில் உத்தரவு வந்தது: சாம்பல் சோடி முட்டையிட்டிருக்கும், அதை எடுத்துவிட்டு மேசை லாச்சிக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் முட்டையை வை. புறா ஏமாந்து அதன்மேல் கிடந்து, அலுத்து எழும்பிவிடும். பந்தயக்காரர்கள் பனி உருக முன்னரே குஞ்சு பொரிக்க வைத்துவிடுவார்கள். ஆடியில் பொரிப்பது பந்தயத்துக்கு ஆகாது, மற்றவை நூறு மைல் பறக்கிற நாளில் அது கூட்டுக்குள் கீச்சிட்டுக்கொண்டிருக்கும் என்பது அவர்களுடைய சாத்திரம்.

மக்டலீன் புறாவுக்குக் கீழே கையை விட்டாள். புறா செட்டையால் அடித்தது. முட்டை இளஞ்சூடாக இருந்தது. முட்டையில் பழுதில்லை, புறாவிலும் பழுதில்லை, எடுக்கச் சொன்னவரில்தான் பழுது என்று அவளுக்குப் பட்டது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போனில், "மாத்திட்டன்" என்றாள்.

வீட்டுக்கு வந்த மனிதன் கூட்டுக்குள் கீச்சென்ற சத்தத்தைக் கேட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன்ர பிள்ளை. நீயே பார்" என்றார். பார்த்தது என்னவோ அவர்தான். மீந்திருந்த ஒரு வளையத்தைக் காலில் போட்டார். காரில் வைத்துத் தூரத் தூரக் கொண்டுபோய் விட்டு வீடு வரப் பழக்கினார். அதுவரை பிந்திய குஞ்சென்றால் மூக்கைச் சுழித்தவர், கிளப்பில் மற்றவர்கள் கேலி செய்ததும் அதற்காக வக்காலத்து வாங்கத் தொடங்கினார்.

"பிந்திப் பொரிச்சது பிந்தித்தான் வரவேணும் எண்டு சட்டமிருக்கோ? என்ர வீட்டில ஒண்டு இருக்கு, வந்து பாருங்கோ."

வீட்டில் இருந்தது மகள் ஷரோன். நேர்த்தி வைக்காத கோயில் இல்லை என்றாகி, இனி இல்லையென்று கைவிட்ட பிறகு, மக்டலீனுடைய நாற்பத்து மூன்றாவது வயதில் வந்து பிறந்தவள். ஷரோனுக்கு அந்தக் குஞ்சைத் தம்பி என்று சொல்லிக் கொடுத்ததும் சூசைதாசன்தான்.

*

வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வந்தபோது பின்வளவு நிறையச் சனம். கறுப்புக் கோட்டு ஆண்கள் காகிதத் தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்புமாக நின்று, வீட்டு வட்டியையும் முழங்கால் நோவையும் பற்றிக் கதைத்தார்கள். வளவின் கோடியில் பலகையால் அடித்த புறாக்கூடு. அதன் வாசலில் ஒரு சிறிய தட்டு. காலில் சிப் மாட்டிய புறா அதை மிதித்து உள்ளே போனால் பீப் என்று சத்தம் வரும், நேரம் பதியும். வானத்தில் வந்தாலும் கணக்கில்லை, கூரையில் இருந்தாலும் கணக்கில்லை. மிதித்தால்தான் வந்ததாகும்.

கிறிஸ்துநாயகம் சனத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "அக்கா, இவ்வளவு பேரைக் கண்டா அது இறங்காது. குஞ்செல்லோ."

மக்டலீன் சூசைதாசனின் தங்கை அன்ரனெற்றைக் கூப்பிட்டாள். "மச்சாள், எல்லாரையும் உள்ளுக்க வரச்சொல்லுங்கோ."

"செபமோ?"

"இல்லை. புறா வருது."

அன்ரனெற் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மச்சாள், அண்ணையைத் தாட்டிட்டு வந்து கைகூடக் கழுவேல்லை. உதென்ன கதை? சனம் என்ன சொல்லும்?"

"சனம் சாப்பிட்டிட்டுச் சொல்லட்டும்."

சனம் ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகப் போக முகங்களில் வெளிச்சம் வந்தது. நான்கு நாளாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. கதிரைகளை மடித்தார்கள். நிலக்கீழ் அறையிலும் படிகளிலும் படுக்கையறை யன்னல்களிலும் நெருக்கியடித்து நின்றார்கள். மோட்டார் சத்தம் வேண்டாமென்று யாரோ குளிர்பெட்டியின் வயரைக்கூடக் கழற்றிவிட்டார்கள். காலையில் ஃபாதர் இரண்டு தடவை கேட்டும் கோயிலில் கிடைக்காத அமைதி அந்த வீட்டுக்குள் வந்தது.

மக்டலீன் குசினி யன்னலில் நின்றாள். அது அவளுடைய இடம். ஒவ்வொரு பின்னேரமும் இங்கே நின்றுதான் அவர் புறாவுக்குத் தீனி போடுவதைப் பார்ப்பாள். முதலில் தகரப் பேணியைக் குலுக்குவார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் குவித்து, "மக்டலீ...ன், தேத்தண்ணி" என்று ஒரு கூவல். பக்கத்து வீட்டாரின் பெயர் இன்றுவரை அவளுக்குத் தெரியாது, அவளுடைய பெயர் இரண்டு தெருவுக்குத் தெரியும். உள்ளே வந்து கேட்டால் என்ன என்று அவள் வருடக்கணக்காகப் பேசியிருக்கிறாள். "வாய் இருக்கேக்க கால் ஏன்?" என்பார். கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி காணாது" என்பார். டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் அவள் போட்டதுமில்லை, அவர் அதைச் சொல்லாமல் விட்டதுமில்லை.

"வருது" என்றாள் ஷரோன்.

வடக்கே, மேப்பிள் மரத்துக்கு மேலால், ஒரு புள்ளி. புள்ளி செட்டை விரித்தது. அது வளவை ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றுச் சுற்றியது, பிறகு வந்து வீட்டுக் கூரையில் குந்தியது. வீட்டுக்குள் அத்தனை பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

கிறிஸ்துநாயகம் போனைப் பார்த்தான். "அக்கா, ஒருத்தரும் இன்னும் பதியேல்லை. இப்ப இறங்கினா முதலாவது."

அவன் பதுங்கிப் பதுங்கி வளவுக்குள் போய்ப் பேணியைக் குலுக்கினான். குஞ்சு கழுத்தைச் சரித்து அவனைப் பார்த்தது. விசிலடித்தான். குஞ்சு செட்டையைக் கோதத் தொடங்கியது.

"பிக்கரிங்கில ஒராளின்ர கூட்டில ஒண்டு பதிஞ்சிட்டுது" என்றாள் ஷரோன், போனைப் பார்த்து. அப்பாவின் பச்சை ஜக்கெற்றைக் கொளுவியிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். புறா எச்சம் காய்ந்த, மக்டலீன் குப்பையில் போட நினைத்து நினைத்துப் போடாமல் விட்ட ஜக்கெற். குஞ்சு ஜக்கெற்றை அடையாளம் கண்டது. கூரை விளிம்புவரை நடந்து வந்தது. அங்கேயே நின்றுகொண்டது.

எதுவோ குறைகிறது என்று அதற்குத் தெரிகிறது என்பதை மக்டலீன் கண்டாள். என்ன குறைகிறது என்பதும் அவளுக்குச் சட்டென்று தெரிந்தது. அந்த வீட்டில் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால், இத்தனை வருடமும் அது அவளை நோக்கித்தான் வந்தது.

யன்னலைத் திறந்தாள். "ஷரோன், கூப்பிடு. அப்பா கூப்பிடுற மாதிரி."

"எப்பிடி?" என்று கேட்ட பெண்ணுக்கு அடுத்த நொடி விளங்கிவிட்டது. "அம்மா, ஐ கான்ட். உங்கட பேரை நான் எப்பிடி?"

"அப்ப நாயகம், நீ கூப்பிடு."

கிறிஸ்துநாயகம் தொண்டையைச் செருமினான். வானத்தைப் பார்த்தான். நிலத்தைப் பார்த்தான். பிறகு மரியாதை குறையாமல், "மக்டலீன் அக்கா" என்று கூப்பிட்டான். குஞ்சு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது. படிக்கட்டில் நின்ற யாரோ சிரிப்பை அடக்கப் போய் இருமினார்கள்.

"ஸ்ரௌவ்வில்லில ரெண்டாவது" என்றாள் ஷரோன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மக்டலீன் குசினிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மகளிடமிருந்து ஜக்கெற்றை வாங்கிக் கறுப்புச் சேலைக்கு மேல் போட்டாள். பேணியை வாங்கினாள். கூட்டுக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற இடத்தில் போய் நின்று, வீட்டுப் பக்கம் திரும்பினாள். எல்லா யன்னலிலும் முகங்கள். பிறந்ததிலிருந்து அவள் தன்னுடைய பெயரை உரத்துச் சொன்னதில்லை, அதற்குத் தேவையும் வந்ததில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் அவருடைய கூவலை இன்னொரு தடவையாவது கேட்கவேண்டும் என்ற ஆசை கிடந்து அடித்தது.

பேணியைக் குலுக்கினாள். வாயைக் கையால் குவித்தாள்.

"மக்டலீ...ன், தேத்தண்ணி."

குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். குஞ்சு கழுத்தை நிமிர்த்தியது. செட்டையை ஒடுக்கிக்கொண்டு, அவளுடைய தலைக்கு மேலால் ஒரே இறக்கமாய் இறங்கி, வாசல் தட்டை மிதித்து உள்ளே போனது.

பீப் என்றது.

வீட்டுக்குள் கிரிக்கெட்டில் ஆறு அடித்த சத்தம் எழும்பியது. செத்தவீட்டில் கை தட்டக்கூடாது என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஷரோன் தாயைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள், அழுதாள், எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. கிறிஸ்துநாயகம் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"மூண்டாவது, அக்கா. ஆடியில பொரிச்சது மூண்டாவது. என்ர ஏழு குஞ்சில ஒண்டும் இன்னும் வரேல்லை." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேரத்தோட கூப்பிட்டிருந்தா முதலாவது" என்றான்.

"என்னை ஆர் கூப்பிட்டது?" என்றாள் மக்டலீன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் குந்துகிற கவிழ்த்த வாளியில் அவள் குந்தினாள். கூட்டுக்குள் குஞ்சு தலையை அமிழ்த்தி நெடுநேரம் தண்ணீர் குடித்தது.

குசினிக் கதவு திறந்தது. அன்ரனெற் கையில் கோப்பையோடு, கவனமாக, புல்லில் கால் பார்த்து நடந்து வந்தாள்.

"கூப்பிட்டது கேட்டுது, மச்சாள்" என்றாள்.

மக்டலீன் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தாள்.

"சீனி காணாது" என்றாள்.

அன்ரனெற் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சீனிப் போத்தலை எடுத்துவர உள்ளே போனாள்.