நான்காம் வரி

அக்கா பிராணி வைத்தியர். இருந்த வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக மருத்துவமனை திறந்தாள். வருகிறவர்கள் நம்பினால்தான் அது நிலைக்கும். அதற்கு மென்பொருள் எழுதியது நான், குறுக்கே விழுந்தவர் அவள் கணவர், என் மாமா. மருத்துவமனையின் ஆய்வகம் அவர் பொறுப்பு. டேட்டாபேஸ் பற்றி அரைகுறையாகப் படித்தவர். அவரிடம் இருந்த உறுதி முழுதாகப் படித்தவர்களுக்கு வராது.

சிகிச்சையின் நிலையைக் காட்ட ஐந்து சொற்கள், ரத்த மாதிரியின் நிலையைக் காட்ட ஐந்து. இரண்டுக்கும் தனித்தனியாகக் குட்டி அட்டவணை போட்டிருந்தேன்.

“‘முடிந்தது’ ரெண்டுலயும் இருக்கே. ஒரே சொல்லை எதுக்கு ரெண்டு தடவை வைக்கணும்? எல்லாத்தையும் ஒரே அட்டவணையில போடு” என்றார் மாமா.

“சொல் ஒண்ணுதான் மாமா, சமாச்சாரம் வேற. ஒண்ணாப் போட்டா, ஒரு இடத்துல மாத்துனா இன்னொரு இடத்துலயும் மாறிடும்.”

“யாரு மாத்தப் போறா?”

நான்கு நாள் இதே பாட்டு. சாப்பாட்டு மேசையிலும் விடவில்லை. “அவர் சொல்றபடியே செஞ்சு தொலையேன்” என்றாள் அக்கா. எனக்கும் அலுத்துவிட்டது. செய்து தொலைத்தேன். இரண்டுக்கும் பொதுவான அட்டவணையில் ‘முடிந்தது’ நான்காம் வரியில் உட்கார்ந்தது.

மூன்றாம் வாரம் அதை மாற்றியவர் மாமாவேதான். சோதித்த மாதிரிகளை அன்றன்றே அழித்துவிடுவது ஆய்வக வழக்கம். அதனால் ‘முடிந்தது’ என்பதை ‘அழிக்கப்பட்டது’ என்று திருத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்று சிகிச்சை முடிந்த பிராணிகளின் சொந்தக்காரர்கள் ஒன்பது பேருக்கு மென்பொருளிலிருந்து தானாகவே செய்தி போயிற்று: ‘உங்கள் செல்லப்பிராணியின் நிலை: அழிக்கப்பட்டது.’

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். உடலைச் சுற்றி எடுத்துப்போக ஒரு போர்வையை மடித்துக் கொண்டுவந்திருந்தார். அவருடைய கறுப்பு நாய், காலில் தையலோடு, வாலை ஆட்டிக்கொண்டு அவர் மேல் ஏறியது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

“உங்க வைத்தியத்தைக் குறை சொல்ல மாட்டேம்மா. ஆனா இனிமே இவனை இங்க விட்டுட்டு என்னால வீட்ல இருக்க முடியாது.”

மாமாவுக்கு விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. “அட்டவணையில ‘வகை’ன்னு இன்னொரு பத்தி சேத்து, எது சிகிச்சை எது மாதிரின்னு குறிச்சுட்டாப் போதும், சரியாயிடும்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு கேள்வி கேட்கத் திரும்பினேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

“அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் ஏன் செஞ்ச?”

நீதானே செய்யச் சொன்னாய் என்று வாய்வரை வந்தது. அந்த ஒன்பது பேர் பட்டியலை எடுத்தேன். இன்னும் எட்டுப் பேருக்கு ஃபோன் போட வேண்டியிருந்தது.