மூன்று திருகாணி

திரை கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி: கிளம்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லையாம். பத்து நிமிடம் முன்னால்வரை அருமையாக ஓடிய கம்ப்யூட்டர். காலையில்தான் அக்காவுக்காகப் புது டிஸ்க் வாங்கி மாட்டி, அதில் புது ஓ.எஸ். ஏற்றி, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். கடகடவென்று சத்தம் போட்ட பழைய டிஸ்க் இனி எதற்கு என்று அதைக் கழற்றினேன். அவ்வளவுதான், மூச்சு நின்றுவிட்டது.

பதினோரு மணிக்கு அக்காவுக்குத் தேர்வு. காதில் விழும் பேச்சை எழுத்தில் தட்டும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். எட்டு வருடம் கழித்து அவள் கேட்கும் முதல் வேலை அது. மூன்று மாதமாக அடுப்படியில்கூட விரல்கள் தாளம் போட்டன. தேர்வு ஒரு முறைதான் திறக்கும், போனில் எழுத முடியாது. மணி பத்து முப்பத்தைந்து.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். அணைத்து அணைத்துப் போட்டேன். ஓ.எஸ்.ஸை மறுபடி ஏற்றினால் முக்கால் மணி நேரம் ஆகும். அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் புது டிஸ்க்கின் பெயர் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் கிளம்ப மாட்டேன் என்கிறது. அப்போதுதான் பொறி தட்டியது. காலையில் ஓ.எஸ். ஏற்றும்போது இரண்டு டிஸ்க்குமே உள்ளேதானே இருந்தன! பாழாய்ப்போனது, புதியதில் வீட்டைக் கட்டிவிட்டு, கிளப்பிவிடும் சாவியைப் பழையதில் வைத்திருக்கிறது.

"அக்கா, பழைய டிஸ்க் எங்க?"

"மாமா கேட்டாரு, குடுத்துட்டேன். உள்ள நல்ல காந்தம் இருக்குமாம்."

விழுந்தடித்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கையில் சிக்கிய சாமான் முழுசாகத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. தட்டில் ஏற்கெனவே மூன்று திருகாணி கிடந்தது.

"மாமா! கைய எடுங்க!"

"ஏம்மா, கடிக்குமா?"

"மூடியத் திறந்துட்டீங்களா?"

"இல்லம்மா, இன்னும் நாலு கழட்டணும்."

அவர் காலில் விழாத குறைதான். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்தது. கழற்றியதைவிட வேகமாக மூன்றையும் முடுக்கினார்.

மாட்டினோம். சத்தமில்லை. பழைய டிஸ்க்குக்குப் போகும் மின் ஒயரின் முனை தளர்ந்திருந்தது. மாமா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, டிஸ்க்கை உள்ளங்கையில் ஏந்தி, ஒயரை ஒரு பக்கமாக அழுத்தினார். கட... கடகட. வாழ்நாளில் இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. திரை நீலமாக மலர்ந்தது. அக்கா என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், சந்தோஷத்தில்தான். மணி பத்து ஐம்பத்தேழு.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பதினொன்றுக்கு அவள் விரல்கள் மழைபோலப் பிடித்துக்கொண்டன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"விடலாமா?" என்று மாமா உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

கிளம்பிவிட்டால் பழைய டிஸ்க் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தலையை வேகமாக ஆட்டினேன், கூடாது என்று. அவர் மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவர் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார், கை அசையவில்லை.