எட்டு மீட்டர் மெதுவாக

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, நகரசபையிலிருந்து வந்திருந்த பதினோரு பேர் கண் முன்னால், போக்குவரத்துப் பொறியாளர் ரவுண்டானா முப்பத்தெட்டு பஸ்களைக் காணாமல் அடித்தார்.

அதுவும் பெருமையோடு. "பாருங்க, இப்ப நெசத்துல ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வரிசை நிக்குது. நம்ம புது அமைப்புல வரிசையே கிடையாது," என்று திரையை விரலால் தட்டிக் காட்டினார். கிடையாதுதான். ஆஸ்பத்திரிச் சந்தியை நோக்கி வந்த பஸ்கள், சந்திக்கு இருபது மீட்டர் முன்னால், நல்ல பிள்ளைகளாக ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

குழுவில் மூத்தவரான ஓர் அம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, இந்த பஸ்ஸெல்லாம் எங்க போகுது?"

ரவுண்டானா திரும்பிப் பார்த்தார். நாற்பத்தேழு வயதில் தம்பி என்று அழைக்கப்பட்ட சந்தோஷம் அரை நொடிகூட நிலைக்கவில்லை.

போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிக் காட்டும் அந்த மென்பொருளில் சாலையைத் துண்டு துண்டாகத்தான் வரைய வேண்டும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பு போட வேண்டும். போடாவிட்டாலும் பார்வைக்குச் சாலை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வண்டிகளைப் பொறுத்தவரை உலகம் அங்கே முடிந்துவிடும். மென்பொருள் இதற்காகக் கூச்சல் போடாது. எச்சரிக்கைப் பட்டியலில் ஒரு வரி எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அந்தப் பட்டியலைப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தினமும் படிப்பார்கள். ரவுண்டானாவுக்கு இருபத்தோரு வருட அனுபவம்.

"அத்தான், ஒரு நிமிஷம்," என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். மவுஸை வாங்கினான். ஒரு துண்டைப் பிடித்து அடுத்ததன்மேல் இழுத்துவிட்டான். அவ்வளவுதான். பஸ்கள் உயிரோடு திரும்பி வந்தன. கூடவே வரிசையும் வந்து, ஆஸ்பத்திரி வாசலையும் தாண்டி நின்றது.

அவன் ரவுண்டானாவின் மனைவியின் தம்பி. இரண்டு வருடம் முன்பு இவரே சிபாரிசு செய்து, இவரே மென்பொருள் சொல்லிக்கொடுத்து, இவர் பக்கத்து மேசையிலேயே உட்காரவைத்த மச்சினன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் என்று அவருக்குச் சில மாதங்களாகத்தான் புரிய ஆரம்பித்திருந்தது.

ரவுண்டானா என்பது அலுவலகம் வைத்த பெயர். எந்த விஷயத்தையும் மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் அவர் வெளியே வருவார் என்பதால் வைத்தது. தான் ரவுண்டானாக்களை அழகாக வரைவதால் வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை.

குழு போனபின் தலைமைப் பொறியாளர் மேடம் இருவரையும் கூப்பிட்டார். "ஆளுக்கு ஒரு மாடல் பண்ணுங்க. அதே சந்தி, அதே சாயங்கால ஒரு மணி நேரம். வியாழக்கிழமை மூணு மணிக்கு அவங்க திரும்ப வருவாங்க, ஒண்ணைக் காட்டுவோம். யாரோடதைக் காட்டறோமோ, பஸ் தடம் வேலை அவங்க கையில."

பஸ் தடம் என்றால் பதினான்கு கிலோமீட்டர், இருபத்தாறு சந்தி. ஆறு வருடமாகப் பேச்சிலேயே இருந்த திட்டம். அதற்காக ரவுண்டானா தன் கணினியில் ஒரு போல்டர் திறந்து, அதற்குள் இருபத்தாறு காலி போல்டர்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தார். தொட்டில் வாங்கி வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவரைப்போல.

"மேடம், சும்மா தெரிஞ்சுக்கதான் கேக்கறேன். உங்க மனசுல இப்ப யாரு..."

"ரெண்டும் ரெண்டு விதம் சார்," என்று மேடம் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடித்த மாதிரி தெரியவில்லை.

வெளியே வந்ததும் மச்சினன் தயங்கினான். "அத்தான், நான் வேணா விலகிக்கறேன். உங்க அளவுக்கு எனக்கு வராது."

இதுதான் அவருக்குப் பொறுக்காத வாக்கியம். அவன் திமிராக இருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். "அதெல்லாம் வேண்டாம் மச்சான், நீயும் பண்ணு, அனுபவம் வரணும்ல," என்று பெருந்தன்மையோடு அவன் தோளைத் தட்டினார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி போன் பண்ணானா?"

"பண்ணானே."

"என்ன சொன்னான்?"

"குக்கர் கைப்பிடி எங்க மாத்தலாம்னு கேட்டான். ஏன்?"

"இன்னைக்கு ஆபீஸ்ல நடந்ததைப் பத்தி ஒண்ணும்..."

"இல்லையே. என்ன நடந்துச்சு?"

அவன் சொல்லவில்லை. இது இன்னும் மோசம். சொல்லியிருந்தால் அவனைத் திட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கும். வேறு வழியில்லாமல் ரவுண்டானாவே முதலிலிருந்து சொன்னார். வானிலையில் ஆரம்பித்து, புரொஜக்டரின் தரம் வழியாகப் பஸ்களுக்கு வந்து சேர்ந்தார். மடித்த துணி சரிய மனைவி சிரித்தாள்.

"முப்பத்தெட்டா? ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா?"

"சிரிச்சது போதும். ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். என்னையும் அவனையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, வேலையில யாரு கெட்டி?"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டு பேருமே எனக்கு வேண்டியவங்க. அந்தத் தலையணை உறையை இப்படித் தள்ளுங்க."

செவ்வாய் முழுக்க அவர் வரைந்தார். இணைப்புகளை மூன்று தடவை எண்ணினார். எச்சரிக்கைப் பட்டியலைப் படித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரும்பவும் படித்தார். பக்கத்து மேசை காலியாக இருந்தது. மச்சினன் காலையிலேயே ஒரு அட்டையும் பென்சிலுமாகச் சந்திக்குப் போய்விட்டான். திங்கள் சாயங்காலமும் போயிருந்தானாம். ரவுண்டானா அந்தச் சந்தியில் கடைசியாகக் காலால் நின்று ஒன்பது வருடம் இருக்கும். இப்போதெல்லாம் அவருக்கு வானத்திலிருந்து எடுத்த படமே போதும்.

புதன் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவர் மச்சினனுடைய பைலைத் திறந்தார். பொது இடத்தில் இருக்கும் பைல்தான், யாரும் திறக்கலாம். அப்படியிருக்க ஏன் இரண்டு தடவை கதவைப் பார்த்துக்கொண்டார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நன்றாக இருந்தது. பார்க்கப் பார்க்க இன்னும் நன்றாக இருந்தது. நிறுத்தக் கோடு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். பஸ் நிறுத்தம் நிஜத்தில் இருப்பதுபோலவே கொஞ்சம் கோணலாக. நடந்து போகிறவர்கள் குறுக்கே கடக்கும் இடம்கூட, கோடு போட்ட இடத்தைவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி. ஜனங்கள் அங்கேதான் கடக்கிறார்கள்போல. குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் இருபது நிமிடம் மாணவனைப்போல வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அது கண்ணில் பட்டது.

ஆஸ்பத்திரிக்கு முந்தைய நேர்ச்சாலை. இடது ஓரத் தடத்தில் எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை. அதற்குள் நுழையும் வண்டி மணிக்குப் பதினைந்து கிலோமீட்டராக வேகத்தைக் குறைக்க வேண்டும். திருப்பத்திலும் வேகத்தடையிலும் போடவேண்டிய பொருள் அது. அங்கே திருப்பம் இல்லை, வேகத்தடை இல்லை, பள்ளம் இல்லை. வானத்துப் படத்தில் சாலை கன்னம்போல வழவழவென்று இருந்தது.

ரவுண்டானா பட்டையை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். வரிசை தொண்ணூற்றேழு மீட்டர் வந்தது. மச்சினன் நேரில் அளந்து எழுதியிருந்ததோ நூற்று நாற்பது. பட்டை இருந்தபோது நூற்று முப்பத்தெட்டு வந்திருக்கிறது.

விஷயம் புரிந்தது. கணக்கு ஒத்துவராதபோது, யாரும் பார்க்காத இடத்தில் இல்லாத தடை ஒன்றைச் சொருகி, கணக்கை ஒத்துவரவைப்பது. தொழிலில் இதைவிடக் கேவலம் இல்லை. தானே நான்கைந்து தடவை செய்திருப்பதால் அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

திருடன் அகப்பட்டான். ரவுண்டானாவுக்கு மூன்று நாளில் முதல்முறையாகப் பசித்தது. நாளை மூன்று மணிக்கு, அந்த அம்மாள் முன்னால், மென்மையாகக் கேட்க வேண்டும்: மச்சான், இந்த இடத்துல என்ன இருக்கு? இந்த யோசனையிலேயே அவர் கை, இருபத்தோரு வருடப் பழக்கத்தில், பைலைச் சேமித்துவிட்டது. பட்டை இல்லாமல். திருப்பிப் போட்டிருக்கலாம். பொய்யை அழித்தால் அது குற்றமா என்று தனக்குத்தானே கேட்டு, தனக்குச் சாதகமாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

சாட்சிக்கு ஒரு போட்டோ வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தச் சாலைக்குப் போனார். ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடத்தில் பின்னாலிருந்து ஹாரன் அலறியது.

"யோவ், பாத்துக்கிட்டே நிப்பியா, போவியா?"

அப்போதுதான் தெரிந்தது, அவர் ஸ்கூட்டர் கிட்டத்தட்ட நின்றிருந்தது. அவர் தலை இடது பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கை ஹெல்மெட்டுக்குக் கீழே மீசையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

நடைபாதை ஓரமாக ஒரு நிலைக்கண்ணாடிக் கடை. ஆளுயரக் கண்ணாடிகளை வெளியே வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரவுண்டானா, திறந்த வாயோடு.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்று பார்த்தார். பைக்கில் வந்தவன் மெதுவாகி, தலைமுடியைக் கோதி, முடுக்கிப் போனான். அடுத்தவன் காலரைத் தூக்கிவிட்டான். பின்னால் உட்கார்ந்து வந்த பெண்மணி கணவன் தோளைத் தட்டி மெதுவாகப் போகச் சொல்லி, முந்தானையைச் சரிசெய்தாள். கார்க்காரர் ஒருவர் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஜன்னலை இறக்கி, பல்லைப் பார்த்துக்கொண்டார். ஒருவர் பாக்கியில்லை. ஊரே அங்கே தன் முகத்துக்காக மூன்று நொடி தாமதித்துப் போய்க்கொண்டிருந்தது. இதை ஒருவன் நின்று பார்த்து, எட்டு மீட்டர் பட்டையாக மாற்றியிருக்கிறான்.

ரவுண்டானாவுக்கு முதலில் வந்தது வெட்கம் என்று சொல்ல ஆசைதான். முதலில் வந்தது, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற எரிச்சல். வெட்கம் அதற்கடுத்த ஹாரனில் வந்தது.

அவர் நடந்து அளந்தார். வண்டிகள் மெதுவாகத் தொடங்கும் இடத்திலிருந்து, திரும்ப வேகம் எடுக்கும் இடம் வரை. கார்களையும் சேர்த்துப் பத்துத் தடவை. அவர் நடையில் பதினைந்து தப்படி வந்தது. பதினோரு மீட்டர்.

மறுநாள் அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்து, பட்டையைத் திரும்ப வைத்தார். பதினைந்து கிலோமீட்டர், இடது தடம், எல்லாம் அதேபோல. நீளம் எட்டு என்று அடித்தார். அழித்தார். பதினொன்று என்று அடித்துச் சேமித்தார்.

பத்தே காலுக்குப் பக்கத்து மேசையில் மவுஸ் நின்றது.

"அத்தான்."

"என்ன மச்சான்?"

"யாரோ என் பைலைத் தொட்டிருக்காங்க."

ரவுண்டானா வானிலையில் ஆரம்பித்தார். சர்வர் பழசாகிவிட்டதைப் பற்றிச் சொன்னார். பிறகு மூச்சுவிட்டு, "நான்தான்," என்றார். எல்லாவற்றையும் சொன்னார். திருடன் என்று நினைத்ததையும், நேற்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டதையும்கூட.

மச்சினன் முகம் இறுகியது. திரையில் பட்டையின் நீளத்தைத் திறந்து பார்த்தான். அந்த நேரத்தில் மேடம் கதவில் எட்டிப் பார்த்தார்.

"மூணு மணிக்கு எதை ஓட்டறோம்? நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம். நீங்களே பேசி ஒண்ணு சொல்லிடுங்க." பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

ரவுண்டானா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "சொல்லு. எதை?"

"உங்களோடதையே போடுங்க அத்தான். உங்க அளவுக்கு எனக்கு..."

"அந்தப் பேச்சு வேண்டாம். திங்கக்கிழமையிலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். மேடம் போனை எடுத்துக்கறாங்க, உங்க அக்கா தலையணை உறைங்கறா. நான் உன் அக்கா புருஷன்கறதை மூணு நிமிஷம் மறந்துடு. என் மாடலையும் பாத்துட்ட, உன்னோடதும் தெரியும். எது நல்லா இருக்கு?"

மச்சினன் பென்சிலை உருட்டினான். வாசலைப் பார்த்தான். ரவுண்டானாவின் திரையைப் பார்த்தான். அதில் இணைப்புகளெல்லாம் சரியாக இருந்த ஒரு சாலையில், யாரும் எதையும் திரும்பிப் பார்க்காமல், வண்டிகள் நேராகப் போய்க்கொண்டிருந்தன.

"என்னோடதுதான் அத்தான்," என்றான். "உங்களோடதைவிட ரொம்ப நல்லா இருக்கு. அந்த நீளத்துல மட்டும் நான் கார்க்காரங்களை விட்டுட்டேன். பதினொண்ணுதான் சரி."