எழுபத்திரண்டு வீட்டுத் தண்ணீர்

"தாங்கள் கோரிய நீர்ப் பரிசோதனை அறிக்கை, அலுவலக இடமாற்றத்தின்போது கழிவுத்தாளாக அகற்றப்பட்டுவிட்டது. எனவே வழங்க இயலாது."

மாநிலத் தொழிலாளர் வீட்டு நிறுவனத்திலிருந்து எனக்கு வந்த பதில் இவ்வளவுதான். கீழே அருள்பாண்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்து, அதன் அடியில் இரண்டு புள்ளி வைத்திருந்தார். புள்ளி வைக்க நேரம் இருந்திருக்கிறது. அறிக்கையைத் தேடத்தான் நேரம் இல்லை.

என் பெயர் வேல்விழி. நாரணாபுரத்தைத் தாண்டி, பழைய கம்பெனிக் காட்டில் வீட்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த எழுபத்திரண்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. அந்தக் காட்டில் முப்பது வருஷம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஓடியது. மிஞ்சிய மருந்தையும் கழுவிய தண்ணீரையும் அங்கேயே குழி வெட்டிக் கொட்டினார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் சாவி வாங்கிய அன்றே என் வீட்டுக்காரர் முனியராஜ், தண்ணீர் எப்படி என்று கேட்டார். வந்திருந்த அதிகாரிகள் வாசலில் இருந்த பலகையைக் காட்டினார்கள். 'மண், நீர் பரிசோதனை செய்யப்பட்ட குடியிருப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பரிசோதனையில் என்ன வந்தது என்று எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சொந்த வீடு கிடைத்த சந்தோஷம் வாயை அடைத்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்றாவது வருஷம் என் மகள் எழிலுக்குக் கால் சோர ஆரம்பித்தது. ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் பாதி வழியில் ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவாள். மதுரையில் டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, உடம்பில் பொட்டாசியம் இறங்கிக்கொண்டே போகிறது என்றார். என்ன தண்ணீர் குடிக்கிறாள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று ரிப்போர்ட் கொண்டுவரச் சொன்னார். காரணம் தெரியாமல் எத்தனை நாளைக்கு மாத்திரை கொடுப்பது என்றும் கேட்டார்.

சிவகாசியில் ஒரு லேபில் தண்ணீரைக் கொடுத்தேன். உப்பை மட்டும் பார்த்துவிட்டு, குடிக்கலாம் என்றார்கள். மற்றதையெல்லாம் வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். அது எனக்கு எப்படித் தெரியும்? அது அந்த அறிக்கையில் இருந்தது. எழிலுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கினோம். சோறு பொங்குவதும் பல் விளக்குவதும் குடியிருப்புக்குப் போட்ட அதே போர் தண்ணீரில்தான். பத்தாவது வரை படித்த தைரியத்தில், பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

கழிவுத்தாளாம். இதை வேறு மாவட்டத்துக்காரியிடம் சொல்லியிருந்தால் அழுதுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். நான் வெடிக் குழாய் சுற்றுகிறவள். பழைய பேப்பரை வெட்டி, கம்பியில் சுற்றி, பசை தடவி, குழாயாக உருவிப் போட்டுத்தான் எங்கள் தெருவில் பாதி அடுப்பு எரிகிறது. எங்கள் பக்கம் கழிவுத்தாள் என்பது சரக்கு. அது எந்தக் கடைக்குப் போகும், அங்கிருந்து எங்கே வரும் என்று எனக்கா தெரியாது?

மறுநாள் காலையிலேயே, அந்த அலுவலகம் இருக்கிற விருதுநகருக்கு பஸ் ஏறினேன். பழைய பேப்பர் கடை முகம்மது நூகு பாய் பதிலைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமாம்மா, அந்த ஆபீஸ் கட்டு எங்கிட்டதான் வந்துச்சு. புதுசு மாதிரி இருந்துச்சு. ஏன் போடுதாகன்னு நானே யோசிச்சேன்."

"இப்ப எங்கன பாய் இருக்கு?"

"சிவகாசிக்கு லோடு போயிருச்சே. கண்ணுச்சாமிக்கு."

 கண்ணுச்சாமி எங்கள் தெருவுக்குப் பேப்பர் கொடுக்கிற ஏஜென்ட். போன மாதம் அவர் இறக்கிய கட்டில் வழுவழுவென்று வெள்ளைத் தாள் வந்தது. அதில் கோபுர முத்திரையைப் பார்த்த ஞாபகம்கூட இருக்கிறது. ஆனால் குழாய் சுற்றுகிறவள் எவளும் தாளைப் படிக்க மாட்டாள். படித்தால் கை நின்றுபோகும், எண்ணிக்கை விழாது. எதிர்வீட்டு முத்துப்பேச்சி, நான், பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் எல்லோரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே எங்கள் தண்ணீரின் யோக்கியதையை எங்கள் கையாலேயே சுற்றிப் பசை தடவிக் காயப்போட்டிருக்கிறோம்.

கண்ணுச்சாமியின் ஷெட்டில் குழாய்கள் அப்படியே கிடந்தன. கம்பெனியில் சோதனை நடந்து வேலை நின்றிருந்ததால் லோடு போகவில்லை. எனக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம் அதுதான். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே போனேன்.

"அது கம்பெனி சரக்கு தாயி. ஒரு குழாயத் தொட விடமாட்டேன்," என்றார் கண்ணுச்சாமி.

"நாங்க சுத்துன குழாய்தானண்ணே? பிரிச்சதுக்குப் பதிலா புதுப் பேப்பர்ல சுத்தித் தாரோம். கூலி வேண்டாம்."

"ஒரு ஆளு பேச்ச நம்பி எப்படிக் குடுக்க?"

"ஒரு ஆளா?" என்று என் பின்னாலிருந்து சத்தம் வந்தது. முத்துப்பேச்சி. அவளுக்குப் பின்னால் எங்கள் தெருவே நின்றது. நான் பஸ்ஸில் வரும்போது அவளுக்குத்தான் போன் போட்டிருந்தேன். "எம் புள்ளையும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கி. நாளைலேர்ந்து இந்தத் தெருவுல ஒருத்தி கம்பியத் தொட மாட்டா. சீசனுக்கு நீங்களே உக்காந்து சுத்திக்கிடுங்க."

கண்ணுச்சாமி எங்களை ஒரு பார்வை பார்த்தார். சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வெள்ளைத் தாள் குழாய்களை மட்டும் பொறுக்கினோம். அதற்கே உச்சி வெயில் வந்துவிட்டது. வாளி, அன்னக்கூடை, குளிக்கிற டப் என்று வீட்டில் இருந்ததையெல்லாம் தூக்கி வந்து குழாய்களை ஊறப் போட்டோம். ஊறப் போட்டதும் அந்தப் போர் தண்ணீரில்தான். மைதாப் பசை இளகியதும் நகம் படாமல் பிரித்து ஷெட் தரையில் பரப்பினோம். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டாக வெட்டுப்பட்டிருந்தது. எழிலால் குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய முடியாது. அவளை நடுவில் உட்காரவைத்து, துண்டுகளைப் படித்துச் சேர்க்கச் சொன்னோம். அவள் வாசித்துக்கொண்டே வந்தாள். சாலை டெண்டர், சுண்ணாம்பு அடித்த கணக்கு, யாருக்கோ விடுப்பு.

சாயங்காலம் நாலு மணிக்கு அவள் குரல் நின்றது. "அம்மா, நம்ம போரு."

மூன்று துண்டையும் சேர்த்து வைத்தேன். நாரணாபுரம் திட்டப் பகுதி, ஆழ்துளைக் கிணறு, பேரியம் என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் இரண்டு எண்கள், இருக்கலாம் என்கிற அளவும் இருந்த அளவும். இரண்டாவது எண் முதல் எண்ணைப் போலப் பல மடங்கு. கீழே 'குடிநீருக்கு உகந்ததல்ல.' தேதி, எங்களுக்குச் சாவி கொடுப்பதற்கு ஏழு மாதம் முன்னால்.

பேரியம் தெரியாதவர் எங்களில் யார்? பட்டாசில் பச்சை வெளிச்சம் கொடுக்கிற சரக்கு. ஊர் ஊராகப் பரவுகிற புகையில் அது இருக்கக் கூடாது என்று கோர்ட்டு தடை போட்டதில் எத்தனை கம்பெனி மூடிக் கிடந்தது, எத்தனை வீட்டில் வேலை போனது. நாட்டில் யார் மூச்சிலும் போகக் கூடாத சாமானை என் மகளுக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். பஞ்சம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் இருக்கும்மா," என்றாள் எழில். தாளின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்ததை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "'பயனாளிகள் அனைவரும் பட்டாசுத் தொழிலாளர்கள். மேற்படி ரசாயனம் அவர்களுக்குப் பழக்கமானதே. ஆட்சேபனை இல்லை. வீடுகளை ஒதுக்கலாம்.'"



"பழக்கமானதுன்னா நமக்கு ஒண்ணும் செய்யாதாம்மா?" என்று என் மகள் கேட்டாள். கேட்டுவிட்டு, நீட்டி வைத்திருந்த தன் காலைப் பார்த்தாள்.

 அந்தக் குறிப்புக்குக் கீழே இருந்த கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாலை நீளமாக இழுத்து, அடியில் இரண்டு புள்ளி. இடுப்பில் செருகியிருந்த பதில் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முத்துப்பேச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். காறித் துப்ப வாயெடுத்தவள், தாள்மேல் பட்டுவிடும் என்று வெளியே போய்த் துப்பினாள்.

துண்டுகளை அட்டையில் ஒட்டி மதுரைக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "இதைத்தாம்மா தேடினேன்," என்றார். பேரியம் உடம்பில் எவ்வளவு என்று பார்க்க எழிலின் ரத்தத்தை அனுப்பினார். அந்தத் தண்ணீரில் இனி வாய்கூடக் கொப்பளிக்கக் கூடாது என்றார். கால் திரும்புமா என்று கேட்டேன். சீக்கிரம் நிறுத்தினால் திரும்பும், மற்றப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள் என்றார்.

அடுத்த திங்கட்கிழமை விருதுநகரில் வீட்டு நிறுவனத்தின் புது அலுவலகத்துக்குப் போனோம். அருள்பாண்டி நல்ல மனுஷன் போலத்தான் இருந்தார். நெற்றியில் விபூதி, மேஜையில் மினரல் வாட்டர் பாட்டில். ஒட்டிய அட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"இது எங்கம்மா கிடைச்சது உங்களுக்கு?"

"நீங்க போட்ட எடத்துலதான் சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பாருங்கம்மா, ஆவணம் அழிஞ்சு போச்சு. இந்தத் துண்டுக்கெல்லாம் சட்டப்படி மதிப்பில்ல. உங்க பிள்ளைக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன். விருதுநகர்லயே ஒரு வீடு காலியா இருக்கு. உங்களுக்கு மட்டும் மாத்தித் தர்றேன். இத இங்கேயே வச்சிட்டுப் போங்க."

நல்ல தண்ணீர் வருகிற வீடு. ஒரு நிமிஷம் எழிலின் கால் என் கண்ணுக்குள் வந்து போனது. பொய் சொல்லவில்லை, ஆசைப்பட்டேன். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தேன். அறைக்கு வெளியே, மாடிப்படி முழுக்க, எங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள். சம்பளத்தை விட்டுவிட்டு முனியராஜும் வந்திருந்தார்.

"அட்டைய வச்சுக்கோங்க சார். போட்டோ எடுத்து எல்லாரு போன்லயும் இருக்கு," என்றேன். "இதையும் வாங்கிக்கிடுங்க."

எழுபத்திரண்டு மனு. ஒவ்வொன்றிலும் ஸ்டாம்பு, ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர், வயசு. அவர் மேலே இருந்ததை எடுத்துப் படித்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான். எழில் கேட்டதை நான் மனுவுக்கு ஏற்ற மாதிரி எழுதியிருந்தேன்.

"நீங்க வாங்கிக்கிட்டதா ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். ரெண்டு புள்ளிய விட்றாதீக."

அவர் பேனாவை எடுக்க வெகுநேரம் ஆனது. முதல் மனு எங்களுடையது. அவர் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு நேர் மேலே இருந்தது அந்தக் கேள்வி: 'குடிக்கும் தண்ணீரில் உள்ள பேரியம், எழில் என்கிற ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எத்தனை வருடத்தில் பழகும் என்ற தகவலை முப்பது நாளுக்குள் தெரிவிக்கவும்.'